சிப்பி ஏறிய கப்பல்கள்

ஓமியோபதி மருந்துக் கடையில் ‘கல்கேரியா கார்ப்’ என்று கேட்டால் சின்னக் குப்பி ஒன்றில் வெள்ளைச் சர்க்கரை உருண்டைகளை நிரப்பித் தருவார்கள். நாக்கில் வைத்ததும் இனித்துக் கரைந்துவிடும். நடக்கப் பிந்தும் பிள்ளை, பேச்சு வராத பிள்ளை, தூக்கத்தில் தலையணை நனைய வியர்க்கும் பிள்ளை என்று யாரைத் தூக்கிக்கொண்டு போனாலும் ஓமியோபதி மருத்துவரின் நினைவுக்கு முதலில் வரும் நாலைந்து பெயர்களில் இது ஒன்று. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் மருந்துச் சீட்டிலும் இதைப் பார்க்கலாம். அந்த இனிப்புக்குள் இருப்பதாகச் சொல்லப்படும் சரக்கு சிப்பி ஓடு. ஓட்டின் வெளித்தோல் இல்லை, உள்ளே மினுங்கும் பரப்பும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வெள்ளை அடுக்கு.

தூத்துக்குடிக்காரர்களுக்குச் சிப்பி ஓடு புதிதல்ல. முத்தை எடுத்தபின் கரையில் குவிந்து கிடக்கும் மிச்சம் அது. அந்த மிச்சம் மருந்தாகி, கடல் கடந்த யோசனைகளோடு கலந்து, பிள்ளைகளின் நாக்குக்கு வந்து சேர்ந்த கதை இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் நீள்கிறது. வணிகர்கள், துறவிகள், மொழிபெயர்ப்பாளர்கள், போலி செய்தவர்கள் எல்லாரும் அதில் வருகிறார்கள். தேடிப் படிக்கப் படிக்க எனக்குப் பட்டது ஒன்றுதான்: ஒவ்வொரு துறையையும் தாண்டும்போது சரக்கின் அளவு குறைந்துகொண்டே வந்தது, அதைப் பற்றிய வாக்குறுதி வளர்ந்துகொண்டே போனது.

கொற்கையில் தொடங்கலாம். இன்று கடல் விலகிப்போய் உள்நாட்டு ஊராகிவிட்ட கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகம். 1968–69-இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது சிப்பிகளும் அறுபட்ட சங்குகளும் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்’ இதே ஊரைக் ‘கொல்கோய்’ என்று குறித்து, தண்டனை பெற்ற கைதிகளை வைத்து இங்கே முத்துக் குளித்தார்கள் என்கிறது. முத்து ரோமுக்குப் போனது. ஓடு ஊரிலேயே தங்கியது.

தங்கிய ஓட்டுக்கு வேலை இல்லாமல் போகவில்லை. சூளையில் வெந்து சுண்ணாம்பானது. சுவருக்கும் போனது, வெற்றிலைக்கும் போனது. சித்த மருத்துவர் கையில் அது பற்பமானது. முத்துப் பற்பம், முத்துச் சிப்பிப் பற்பம், சங்குப் பற்பம், பலகறைப் பற்பம், பவளப் பற்பம் என்று கடல் தந்ததில் பாதியைச் சித்த மருத்துவம் புடத்தில் ஏற்றியிருக்கிறது. செய்முறை பொறுமை கேட்பது. ஓட்டைச் சுத்தி செய்து, மூலிகைச் சாறு விட்டுக் கல்வத்தில் அரைத்து, வில்லை தட்டிக் காயவைத்து, இரண்டு அகல்களுக்கு நடுவில் வைத்து மூடி, விளிம்பைச் சீலைமண்ணால் பூசி, வறட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். ஆறியபின் அகலைத் திறந்தால் விரலில் ஒட்டும் வெள்ளைப் பொடி இருக்கும். சிப்பி ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வயிற்றில் அமிலம் மிஞ்சினால் அதைத் தணிக்கும் வேதியியல் அதற்கு உண்டு. குன்மத்துக்குச் சங்குப் பற்பம் கொடுத்த வைத்தியர் வெறும் நம்பிக்கையை மட்டும் கொடுக்கவில்லை. இந்தக் கட்டத்தில் மருந்துக்குள் சரக்கு இருந்தது, வாக்குறுதியும் வயிற்றளவில் நின்றது.

பிள்ளை வளர்ப்புக்கு வேறொரு பெட்டி இருந்தது. சுக்கு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், வசம்பு என்று வரிசையாக எடுத்து உரைகல்லில் ஓரிரு இழை இழைத்து, தாய்ப்பாலில் குழைத்து, சங்கில் விட்டுப் புகட்டுவார்கள். பிள்ளைக்குப் புகட்டும் அந்தப் பாத்திரம் வெள்ளியானாலும் எவர்சில்வரானாலும் பெயரும் வடிவும் சங்கிடமிருந்து வந்தவைதான். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினால் பேச்சு தெளிவாக வரும் என்பது இன்றும் பாட்டிகளின் நம்பிக்கை. மூன்று வயதாகியும் பேசாத பிள்ளையைப் பற்றி மருமகள் பதறினால் மாமியாரிடமிருந்து வரும் பதில் இந்தக் கரை முழுக்க ஒன்றுதான்: “எதுக்குத்தா பயப்படுத? ஆம்பிளப் பிள்ள கொஞ்சம் பிந்தித்தான் பேசும். இவன் அப்பனும் மூணு வயசுக்கு மேலதான் வாயத் தொறந்தான்.” அன்பில் சொல்வதுதான். ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அந்த ஆறுதலில் ஒன்றிரண்டு ஆண்டுகள் போய்விடுகின்றன.

ஆறுதலுக்கும் இந்தக் கடலில் பழைய விலை உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, குளிப்பவர்களைச் சுறா தீண்டாமலிருக்க மந்திரம் சொல்பவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அரசனுக்குப் பத்தில் ஒன்று, மந்திரக்காரருக்கு இருபதில் ஒன்று என்று அவர் கணக்கும் தருகிறார். ‘கடல்கட்டி’ என்று அழைக்கப்பட்ட இவர்கள் இல்லாமல் குளியாளர்கள் கடலில் இறங்க மறுத்தார்கள். அதனால் போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆட்சி மாறி மாறி வந்தும் கடல்கட்டியின் பங்கு நிற்கவில்லை. எமர்சன் டென்னன்ட் 1859-இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், அக்கரைச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், மந்திரம் சொன்ன குடும்பத்தின் தலைவர் ஒரு ரோமன் கத்தோலிக்கர் என்று குறித்திருக்கிறார். மந்திரம் யார் வாயிலிருந்து வருகிறது என்பது குளியாளருக்குப் பொருட்டாக இல்லை. யாராவது பொறுப்பேற்றுக் கரையில் நிற்க வேண்டும். ஆனாலும் கடல்கட்டியை நம்பி எந்தக் குளியாளரும் கயிற்றைக் கழற்றிப் போட்டதில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு தோணியில் ஒருவர் நின்றார்; மந்திரம் கயிற்றோடு சேர்ந்துதான் இருந்தது. இதை மறக்காமல் வைத்துக்கொள்வோம்.

பதினாறாம் நூற்றாண்டில் கதை கப்பலேறுகிறது. 1530-களில் முத்துக்குளித்த பரதவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடி மதம் மாறினார்கள். 1542-இல் இயேசு சபையின் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழ் கற்று, 1578-இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகக் காரணமானார். அதே நூற்றாண்டில் கோவாவில் கார்சியா டா ஓர்ட்டா என்ற போர்த்துகீசிய மருத்துவர் இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றி உரையாடல் வடிவில் ஒரு நூல் எழுதி 1563-இல் அச்சிட்டார். அதில் முத்துக்கென்றே ஓர் உரையாடல் இருக்கிறது. சங்கும் அதில் வருகிறது, சங்கு வங்காளத்துக்கு விலைபோகும் சரக்கு என்ற குறிப்போடு. முத்துக்குளித்துறையின் இரண்டு பொருள்களும் ஐரோப்பிய மருத்துவ நூலொன்றில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டன.

ஐரோப்பாவுக்கு முத்தைத் தின்னும் பழக்கம் அதற்கு முன்பே இருந்தது. 1492-இல் புளோரன்ஸில் லோரென்சோ டி மெடிச்சி சாகக் கிடந்தபோது முத்தையும் ரத்தினங்களையும் பொடித்துக் கொடுத்துப் பார்த்தார்கள், அவர் பிழைக்கவில்லை. கோர்வைக்கு ஆகாத பொடிமுத்துகள் அங்கே மருந்துக்கடைகளுக்குப் போயின. முத்து விலை கூடியதும் போலிகள் பிறந்தன. முத்தும் சிப்பியும் ஒரே பொருள்தானே, ஏழைக்குச் சிப்பி போதாதா என்று மருந்துக்கடைக்காரர்கள் யோசித்தார்கள். நண்டுக்கண் எனப்படும் கல்லையும் சிப்பி ஓட்டையும் முத்துக்குப் பதிலாக அரைத்துத் தந்தார்கள். வேதியியல்படி அவர்கள் ஏமாற்றவில்லை. விலையை மட்டும்தான் குறைத்தார்கள். இப்படித்தான் சுத்தி செய்த சிப்பி ஓடு ஐரோப்பிய மருந்துப் பட்டியல்களில் தனக்கென ஓர் இடம் பிடித்தது. அது மன்னார் வளைகுடாச் சிப்பி இல்லை. ஐரோப்பியர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எடுத்துப்போடும் சிப்பி. முத்துச்சிப்பிக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் ஓட்டை மருந்தென்று நம்ப வைத்த மதிப்பு, கீழைக் கடல்களின் முத்திலிருந்து இறங்கி வந்தது.

அடுத்த தற்செயலுக்கும் இயேசு சபைக்கும் தொடர்புண்டு. பெருவிலிருந்து சின்கோனா மரப்பட்டையை ஐரோப்பாவில் பரப்பியவர்கள் அவர்கள்; ‘இயேசு சபைப் பட்டை’ என்றே அதற்குப் பெயர் வந்தது. மலேரியாவுக்கு அது கேட்டது. ஏன் கேட்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. 1790-இல், மைசன் நகரில் பிறந்து மருத்துவம் படித்து, வருமானத்துக்காக மொழிபெயர்ப்பு செய்துகொண்டிருந்த சாமுவேல் ஹானிமன், ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லனின் நூலை ஜெர்மனில் பெயர்த்தார். சின்கோனாவுக்குக் கல்லன் தந்த விளக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. தானே பட்டையை விழுங்கிப் பார்த்தார். காய்ச்சலின் அறிகுறிகள் போலவே தனக்கு வந்தன என்று எழுதிவைத்தார். நோயை உண்டாக்குவதே நோயைத் தீர்க்கும் என்ற கொள்கை அங்கே முளைத்தது. 1796-இல் கட்டுரையாகவும் 1810-இல் ‘ஆர்கனான்’ என்ற நூலாகவும் வளர்ந்தது.

அவர் காலத்து மருத்துவம் ரத்தம் வடித்து, பாதரசம் ஊட்டி, ஆளைத் துவளவைத்த மருத்துவம். மருந்தின் அளவைக் குறைக்கிறேன் என்று ஒருவர் சொன்னது பெரிய கருணை. ஹானிமன் குறைத்த அளவுதான் வியப்பு. சிப்பி ஓட்டின் நடு அடுக்கிலிருந்து ஒரு கிரெய்ன் எடுப்பார். நூறு கிரெய்ன் பால்சர்க்கரையை மூன்று பங்காக்குவார். முதல் பங்கைப் பீங்கான் உரலில் சிப்பிப் பொடியோடு சேர்த்து 6 நிமிடம் அரைத்து, 4 நிமிடம் கொம்புக் கரண்டியால் சுரண்டி, மறுபடி 6 நிமிடம் அரைத்து, 4 நிமிடம் சுரண்டுவார். மற்ற இரண்டு பங்குக்கும் இதே கணக்கு. ஒரு மணி நேரம் முடிந்தால் முதல் படி. அதிலிருந்து ஒரு கிரெய்ன் எடுத்து மறுபடி நூறு. அதிலிருந்து இன்னொரு முறை. மூன்றாம் படிக்குப் பின் திரவத்தில் கரைத்துக் குலுக்கிக் குலுக்கி மேலே போவார். நம் வைத்தியரின் கல்வத்துக்கும் இந்த உரலுக்கும் பார்வைக்கு வித்தியாசம் குறைவுதான். இரண்டு பேரும் மணிக்கணக்கில் அரைத்தார்கள். நம்மவர் ஓட்டை வைத்துக்கொண்டே அரைத்தார், ஹானிமன் ஓட்டைக் கழித்துக்கொண்டே அரைத்தார்.

கழித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் என்ன மிஞ்சும்? 12-ஆம் படியைத் தாண்டியதும் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட இருக்க வாய்ப்பில்லை என்று பிற்காலக் கணக்கு சொன்னது. கடைகளில் அதிகம் விற்கும் 30-ஆம் படியில் நீர்த்தலின் அளவு, ஒன்றுக்குப் பின்னால் 60 பூஜ்யங்கள்.

ஹானிமன் 1828-இல் நாட்பட்ட நோய்களைப் பற்றிய நூலை வெளியிடத் தொடங்கினார். சிப்பிக்கு அதில் பெரிய இடம். அவருடைய சீடர்கள் மருந்துகளை மனிதச் சாயல்களாக வரைந்தார்கள். கல்கேரியாப் பிள்ளை என்றால் கொழுகொழு உடம்பு, வியர்க்கும் தலை, பிடிவாதம், தாமத நடை, தாமதப் பேச்சு. அமெரிக்காவில் ஜேம்ஸ் டைலர் கென்ட் 1897-இல் வெளியிடத் தொடங்கிய அறிகுறி அகராதியில் பேச்சு பிந்தும் பிள்ளைகளுக்குத் தனித் தலைப்பு இருக்கிறது. அங்கே தடித்த எழுத்தில் நிற்கும் மருந்து நாட்ரம் மூர். அது வேறொன்றும் இல்லை, சாப்பாட்டு உப்பு. தூத்துக்குடி உப்பளங்களில் மலையாகக் குவிந்து கீற்று மூடிக் கிடக்கும் அதே உப்பு. இன்னொரு புகழ்பெற்ற மருந்தான செபியா, கணவாயின் மை. சிப்பி, உப்பு, கணவாய் என்று நம் கடற்கரைச் சந்தையில் அன்றாடம் கை படும் பொருள்கள் ஜெர்மனியில் நூறுநூறாக மெலிந்து, குணங்களும் முகங்களும் பெற்றன.

அவை இந்தியாவுக்கு வந்த வழிகள் பல. டிரான்சில்வேனியாவைச் சேர்ந்த ஹோனிக்பெர்கர் 1839-இல் லாகூரில் ரஞ்சித் சிங்குக்கு ஓமியோபதி மருத்துவம் பார்த்தார். 1846-இல் சாமுவேல் புரூக்கிங் என்ற ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர் தஞ்சாவூரில் ஓமியோபதி மருத்துவமனை தொடங்கினார். தமிழ் மண்ணில் அது இவ்வளவு சீக்கிரம் கால் வைத்தும் வேர் பிடிக்கவில்லை. வேர் பிடித்த இடம் வங்காளம். தூத்துக்குடிச் சங்கு நூற்றாண்டுகளாகப் போய்க்கொண்டிருந்த அதே வங்காளம். மன்னார் வளைகுடாவில் எடுத்த சங்கை டாக்காவில் அரிவாள் போன்ற பெரிய ரம்பத்தால் வளையம் வளையமாக அறுத்தார்கள். மணமான வங்காளப் பெண்கள் கையில் அது வளையலானது. நாம் சங்கு அனுப்பினோம். மெல்ல மெல்ல அங்கிருந்து ஓமியோபதிப் பெட்டிகளும் புத்தகங்களும் தெற்கே வந்தன.

கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்று ஒரு மருத்துவர். 1863-இல் மேலைநாட்டு மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்றவர், ஓமியோபதியைக் கடுமையாக எதிர்த்தவர். மறுத்து எழுதுவதற்காகப் படிக்கத் தொடங்கி மனம் மாறினார். 1867-இல் சக மருத்துவர்கள் கூட்டத்திலேயே எழுந்து அதை அறிவித்தார். கூட்டம் அவரை ஒதுக்கிவைத்தது. அவரே 1876-இல் இந்தியர்களுக்கென்று ஓர் அறிவியல் கழகத்தை நிறுவினார். அந்தக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில்தான் நம் திருச்சிக்காரர் சி.வி. ராமன் 1928-இல் ராமன் விளைவைக் கண்டார். அதோடு விடவில்லை. 1935-இல் சிப்பி ஓடுகள் ஏன் வானவில்லாக மின்னுகின்றன என்று ராமன் தொடர் கட்டுரைகளே எழுதினார். ஹானிமன் வேண்டாமென்று ஒதுக்கிய உள் அடுக்கின் அழகை விளக்க ஒரு நோபல் அறிஞர் நேரம் செலவிட்டார். அவருக்கு முதலில் ஆய்வுக்கூடம் தந்த நிறுவனத்தைக் கட்டியவரோ ஓமியோபதி மருத்துவர். இதைவிடச் சுற்றி வளைத்த உறவை நான் எங்கும் படித்ததில்லை.

தென்னிந்தியாவுக்கு மறுபடியும் இயேசு சபை. அகஸ்டஸ் முல்லர் என்ற ஜெர்மானியத் துறவி 1880-இல் மங்களூரில் ஏழைகளுக்கு ஓமியோபதி மருந்தகம் தொடங்கினார். அங்கிருந்து மருந்து தபாலில் போனது. விலை குறைவு, கசக்காது, ஊசி இல்லை, குழந்தை அழாமல் வாங்கிக்கொள்ளும். நடுத்தர வீடுகளில் புத்தகத்தைப் பார்த்து மருந்து கொடுக்கும் தாத்தாக்கள் பெருகினார்கள். 1973-இல் நாடாளுமன்றம் ஓமியோபதிக்குத் தனிச் சட்டம் செய்தது. திருமங்கலத்தில் அரசுக் கல்லூரியே வந்தது. அதே 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் உயிருள்ள சிப்பிக்குள் கரு வைத்து உருண்டை முத்தை வளர்த்தெடுத்தார்கள். கடைசி முத்துச் சலாபம் 1961-லேயே முடிந்திருந்தது. கடலடிப் பாறைத்திட்டுகளான பார்களில் சிப்பி இல்லை.

இனி பிள்ளைகளின் பக்கம் வருவோம். 1943-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடு ஆட்டிசம் மருத்துவ நூல்களில் நிலைபெற்றது. அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதினார். அவர்களுக்கு முன்னாலேயே 1925-இல் சோவியத் மருத்துவர் குருன்யா சுகரேவா இதே சாயலுள்ள சிறுவர்களை விவரித்திருந்தார். அதன்பின் நடந்ததை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. தாயின் அன்பில் சூடு போதவில்லை, அதனால்தான் பிள்ளை இப்படியாயிற்று என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் மேலை உலகின் பெரிய மருத்துவர்கள் சொன்னார்கள். தானும் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் 1964-இல் எழுதிய நூல்தான் அந்தப் பழியை அசைத்தது. பழி முற்றிலும் போகவில்லை. கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாய், போனைக் கையில் கொடுத்தாயா என்று நம் வீடுகளில் இன்றைக்கும் தாய்தான் கூண்டில் நிற்கிறாள்.

காரணம் தெளிவாகத் தெரியாத நிலை, குணமாக்கும் மருந்து இல்லாத நிலை, குற்றவாளியாக்கப்பட்ட தாய். இந்த மூன்றும் சேரும் இடத்தில் எந்த விற்பனைக்காரரும் கடை விரிக்கலாம். 1996-இல் அமெரிக்காவில் வயிற்றுச் சோதனைக்காக ஒரு சிறுவனுக்குச் செக்ரெடின் என்ற சுரப்பி மருந்தைச் செலுத்தினார்கள். பிறகு அவன் பேச்சு மேம்பட்டதாகப் பெற்றோர் சொன்னார்கள். 1998-இல் தொலைக்காட்சியில் செய்தி வந்ததும் மருந்துக்கு அடிதடி. 1999-இல் 60 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. சிலருக்குச் செக்ரெடின், சிலருக்கு வெறும் உப்புநீர், யாருக்கு எது என்பது பெற்றோருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு முன்னேற்றம். முடிவைச் சொன்ன பிறகும் பெரும்பாலான பெற்றோர் அந்த மருந்தில் ஆர்வம் குறையாமல்தான் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதன் போலியாக ஓமியோபதியில் நீர்த்த செக்ரெடினும் வந்தது. 2001-இல் பிரிட்டனில் நடந்த சிறு ஆய்வில் குழந்தைகளிடம் சொல்லத்தக்க மாற்றம் தெரியவில்லை.

அதே 1998-இல் 12 குழந்தைகளை வைத்துத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை ‘லான்செட்’ இதழில் வந்தது. 2010-இல் இதழ் அதை ரத்து செய்தது. அதற்குள் டச்சு ஓமியோபதியர் டினுஸ் ஸ்மிட்ஸ், தடுப்பூசிகளையே நீர்த்து மருந்தாக்கிக் கொடுத்தால் ஆட்டிசம் முழுக்க நீங்கும் என்ற முறையைப் பரப்பிவிட்டார். 2018-இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் அந்த வகை விளம்பரங்களை நிறுத்தச் சொன்னது. உடம்பிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கிறேன் என்ற கீலேஷன் சிகிச்சையில் 2005-இல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தே போனான். இந்த வரிசையோடு ஒப்பிட்டால் 30-ஆம் படி கல்கேரியா உடம்புக்குத் தீங்கு செய்யாது என்பதை மனமாரச் சொல்லலாம். எல்லா ஓமியோபதி மருந்துக்கும் அதைச் சொல்ல முடியாது. 2017-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் பல் முளைக்கும் குழந்தைகளுக்கான மாத்திரைகள் சிலவற்றில் பெல்லடோனா தாறுமாறான அளவில் இருப்பதைக் கண்டது.

இந்தியாவில் செய்த ஆய்வு இல்லாமல் இல்லை. 2014-இல் மும்பையில் 60 குழந்தைகளுக்கு ஓமியோபதி கொடுத்து, நடத்தையில் முன்னேற்றம் கண்டதாக ஓமியோபதி ஆய்விதழில் எழுதினார்கள். மருந்து பெறாத தனிக் குழு அதில் கிடையாது. அதே பிள்ளைகளை மருந்துக்கு முன் ஆறு மாதம் கவனித்ததுதான் ஒப்பீடு. வளரும் பிள்ளை எப்படியும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அந்த ஒப்பீடு போதாது. 2015-இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆய்வு மன்றம் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, ஓமியோபதி பயன்படும் என்று நம்பகமாகக் காட்டிய நோய் எதுவும் இல்லை என்றது.

அப்படியென்றால் பயன் கண்டதாகச் சொல்லும் தாய்மார்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. நல்ல ஓமியோபதி மருத்துவரிடம் முதல் சந்திப்பு ஒரு மணி நேரம் ஆகும். பிள்ளை எப்படிப் படுத்துத் தூங்குகிறான், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறான், உப்பை நக்குகிறானா, நீங்கள் கர்ப்பமாக இருக்கும்போது மனத்தில் என்ன இருந்தது என்றெல்லாம் கேட்பார். கூட்டம் நெரியும் வெளிநோயாளர் பிரிவில் மூன்று நிமிடம் கிடைத்த தாய்க்கு அது பெரிது. பிள்ளையைக் கூர்ந்து பார்க்க அவள் அங்கே கற்றுக்கொள்கிறாள். கூர்ந்து பார்த்தால் மாற்றமும் கண்ணில் படும். கடல்கட்டி கரையில் நின்ற மாதிரி, ஒருவர் உடன் நிற்கிறார். கயிறு தோணியில் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி, விளையாட்டு வழிப் பயிற்சி ஆகியவைதான் இங்கே கயிறு. உருண்டைக்காக அவற்றை ஆறு மாதம் தள்ளிவைக்கச் சொல்பவர், குளியாளரிடம் கயிற்றைக் கழற்றச் சொல்கிறார்.

முழுமை நலம் என்ற பெயரில் வரும் மற்றவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. யோகா, பாட்டு, நீச்சல் பிள்ளைக்குப் பிடித்தால் நல்லதுதான். மகிழ்ச்சிக்கு ஆய்வுச் சான்று கேட்க வேண்டியதில்லை. கோதுமையும் பாலும் தவிர்க்கும் உணவுமுறை அமெரிக்காவில் பெரும் செலவு. நமக்கு இட்லி, தோசை, கேழ்வரகுக் கூழ், உடன்குடிக் கருப்பட்டி என்று கோதுமை இல்லாமலே நாள் ஓடிவிடும். சிக்கல் பாலில்தான். ஏற்கெனவே நாலு பண்டம் மட்டும் தின்னும் பிள்ளையிடமிருந்து பாலையும் எடுத்துவிட்டால் கால்சியம் எங்கிருந்து வரும்? 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் எலும்பு சராசரியைவிட மெலிந்திருப்பதையும், பால் தவிர்த்தவர்களிடம் அந்த மெலிவு கூடுதலாக இருப்பதையும் கண்டது. சுண்ணாம்புச் சத்து இல்லாத சுண்ணாம்பு மருந்தை உருண்டையில் கொடுத்துவிட்டு, அது உண்மையிலேயே இருக்கிற பாலை நிறுத்துவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். சித்த மருத்துவம் பார்க்க விரும்புகிறவர்கள் பாளையங்கோட்டை அரசுக் கல்லூரி போன்ற இடத்துக்குப் போவது நல்லது. பாதரசமும் ஈயமும் சேர்ந்த பற்பத்தைச் சீட்டில்லாமல் விற்கும் கையிலிருந்து பிள்ளைக்கு எதையும் வாங்கக் கூடாது.

ஓர்ட்டாவின் நூல் அச்சான அதே கோவா இந்தக் கதையில் மறுபடி வருகிறது. பிரிட்டனில் உருவான ஒரு பயிற்சி முறையைக் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் சோதித்து, முடிவை 2016-இல் வெளியிட்டார்கள். அதில் மருந்தில்லை, நிபுணர்கூட இல்லை. பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குப் போவார். தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் படம் பிடிப்பார். பிறகு இருவரும் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்ப்பார்கள். பிள்ளை காரின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அம்மா வேறு பொம்மையை நீட்டியதால் திரும்பிக்கொண்டது தெரியும்; அம்மாவும் சும்மா அந்தச் சக்கரத்தையே பார்த்த கணத்தில் பிள்ளை நிமிர்ந்து அவள் முகம் பார்த்ததும் தெரியும். ஆறு மாதத்தில் 12 அமர்வு. தாய்தந்தையர் பிள்ளையின் போக்கோடு இசைந்து பதில் தருவது கூடியது, பிள்ளை தானாகத் தொடங்கும் தொடர்பும் கூடியது. கேட்பதற்கு நேரம், பார்ப்பதற்குக் கண், உடன் நிற்க ஓர் ஆள். ஓமியோபதி மருத்துவரின் அறையில் தாய்க்கு மருந்தாக இருந்தவை இவைதான். இங்கே உருண்டை மட்டும் இல்லை.

நம் ஊரிலும் 2013 முதல் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அரசுக் குழுக்கள் பிள்ளைகளின் வளர்ச்சியைச் சோதித்து, ஐயம் இருந்தால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புகின்றன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை ஒன்றரை வயதிலேயே அங்கே காட்டலாம், மூன்று வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ‘நிரமயா’ என்ற காப்பீடும் உண்டு, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. ஊனச் சான்று இருந்தால் சேரலாம், முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. அதன் பயன் பட்டியலில் தொடர் பயிற்சிகளுக்கு ஒரு வரியும் மாற்று மருத்துவத்துக்கு ஒரு வரியும் தனித்தனியாக இருக்கின்றன. கொற்கையில் கிளம்பிய சிப்பி இப்போது வந்து நிற்கும் துறை அந்த இரண்டாவது வரி. முதல் வரியில் உள்ள தொகையைப் பல குடும்பங்கள் கேட்டு வாங்குவதே இல்லை. அந்தப் படிவத்தை நிரப்ப உதவ அண்டை வீட்டில் படித்த பிள்ளை ஒன்று இருந்தால் போதும்.